வலப்பக்கம் செவுள், இடப்பக்கம் நுரையீரல்

ஏப்ரல் 11

இந்த நோட்டு டாக்டர் சொல்லி வாங்கியது. காலையும் மாலையும் விரலில் கிளிப்பை மாட்டி, அது காட்டும் ஆக்ஸிஜன் அளவை எழுதிவர வேண்டுமாம். "மறக்காம எழுதுவீங்கல்ல சார்?" என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் விலங்கியல் நடத்தி, மூட்டை மூட்டையாக ரெக்கார்டு நோட்டு திருத்தியவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொன்னது சுருக்கமாக: என் நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது. பழையபடி ஆகாது. தினமும் பதினாறு மணி நேரமாவது மூக்கில் குழாய் மாட்டி ஆக்ஸிஜன் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்தது இதயம். "டியூப் போட்டுக்கிட்டா நடக்கலாம், பேசலாம், பல வருஷம் ஓட்டலாம். போடலைன்னா நான் எதுவும் சொல்றதுக்கில்ல சார்" என்றார் டாக்டர். என் மனைவி தையல்நாயகி மாயவரம் வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. ரிட்டயரான கணக்கு டீச்சர் பேசாமல் வந்தால் மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற மெஷின் இன்று வந்தது. குட்டி பீரோ அளவு. மாவு மில் மாதிரி சத்தம். என் படிப்பறையில் வைத்திருக்கிறார்கள்.

ரீடிங்: திருப்தி.

ஏப்ரல் 13

நசீமா பானு போன் செய்தாள். என்னிடம் படித்தவள். இன்று எங்கள் துறைக்கே தலைவி.

"சார், ஜூலையில புதுப் பிள்ளைங்க வந்துருவாங்க. முதல் வகுப்பு நீங்கதான் எடுக்கணும். பைலா."

பைலா என்பது நம் வயல் நத்தைதான். எங்கள் படிப்பில் அதற்கு அந்தப் பெயர்.

"இப்ப எதையும் அறுக்கக் கூடாதுன்னு ஆயிருச்சுல்ல சார். எல்லாம் படத்துலதான். நத்தை நகர்றதக் கூடப் பாக்காம டிகிரி வாங்கிட்டுப் போகுதுங்க. நீங்க உயிரோட கொண்டாந்து காட்டணும்."

அவள் முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். மைக் இல்லாமல் கடைசி பெஞ்சுவரை கேட்கும் என் குரல். பக்கத்து இயற்பியல் வகுப்பில் பாதிப் பேர் என் பாடத்தைக் குறிப்பெடுத்தார்கள் என்று சொல்வார்கள். அதில் கொஞ்சம்தான் பொய்.

தையல்நாயகி வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "டியூப் போட்டுக்கிட்டுப் போறதுன்னா போங்க. இல்லேன்னா நானே நசீமாவுக்குப் போன் பண்ணி வேணாம்னுடுவேன்."

மூக்கில் குழாயைச் செருகிக்கொண்டு அந்த மேடையில் நான் நிற்க மாட்டேன். ஜூலைக்குள் குழாய் இல்லாமல் முக்கால் மணி நேரம் பேசப் பழகிக்கொள்வேன். உடம்பும் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டதுதானே. இதை அவளிடம் சொல்லவில்லை.

ரீடிங்: திருப்தி.

ஏப்ரல் 17

மீன் மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் போய்வந்தேன். எங்கேயோ குளம் இறைத்திருக்கிறார்கள். கெண்டையோடு நத்தையும் ஒரு கூடை வந்திருந்தது. உயிரோடு ஏழு வேண்டும், ஓடு உடையாமல் வேண்டும், மூடி கெட்டியாக இருக்க வேண்டும் என்று பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். விற்கிற அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"மூலமா சார்? நல்லெண்ணெயில வதக்கிக் குடுக்கச் சொல்லுங்க. ரெண்டே வாரம்."

"மூலம் இல்லம்மா. பாடம்."

"அதுக்கும் நல்லதுதான்" என்றது.

பழைய மீன் தொட்டியைத் துடைத்துத் தண்ணீர் விட்டுப் படிப்பறையில் வைத்தாயிற்று. தொட்டியை நகர்த்தியதில் கொஞ்சம் உட்கார வேண்டியதாகிவிட்டது. வெயில்.

ஏப்ரல் 18

நத்தைகள் நலம். ரீடிங்: கிளிப்பில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 24

காலை முழுவதும் தொட்டியின் முன்னால். இத்தனை வருஷம் இதை அறுத்துக் காட்டியிருக்கிறேனே தவிர, சும்மா உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதலில் மூடி திறக்கிறது. பழுப்பு நிறத்தில் காசு மாதிரி ஒன்று, அதன் பாதத்தின் பின்புறத்தில் ஒட்டியிருப்பது. உள்ளே போகும்போது கடைசியாக அதை இழுத்து அடைத்துக்கொள்ளும். பிறகு பாதம் விரிகிறது. பிறகு தலை, இரண்டு ஜோடி உணர்கொம்பு, சின்னக் காம்பின் நுனியில் கண். கீரையைக் கொடுத்தால் நாக்கில் இருக்கிற பல்நாடாவால் அரம் போட்டுச் சுரண்டுகிறது. நம் ரத்தத்தில் இரும்பு, அதன் ரத்தத்தில் செம்பு. அதனால் ரத்தம் இளநீலம். நேற்றிரவு சாப்பிடும்போது இதைத் தையல்நாயகியிடம் சொன்னேன். "ரசம் ஊத்தவா?" என்றாள்.

அழகே அதன் மூச்சில்தான் இருக்கிறது. உடம்புக்குள் வலப்பக்கம் செவுள், இடப்பக்கம் நுரையீரல். நீருக்குள் இருக்கும்போது செவுள் வேலை செய்கிறது. அவ்வப்போது மேலே ஏறி வந்து, கழுத்தின் இடப்புறத்துச் சதையைச் சுருட்டிக் குழலாக்கி, நீர்மட்டத்துக்கு மேலே நீட்டுகிறது. தலையை முன்னும் பின்னும் அசைத்துக் காற்றை உள்ளே இழுக்கிறது. போதும் என்று ஆனதும் குழலைச் சுருட்டிக்கொண்டு கீழே போய்விடுகிறது.

ஏழு நத்தைக்குத் தொட்டி சிறிது. தண்ணீர் சீக்கிரம் கலங்குகிறது. அதற்கு ஒரு வழி செய்திருக்கிறேன். மெஷின் குழாயின் நுனியைத் தொட்டியில் விட்டால் அழகாகக் குமிழ் வருகிறது. மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் தையல்நாயகிக்கும் நிம்மதி. கதவு கிறீச்சிட்டால் குழாயை எடுத்து வேட்டியில் துடைத்து மாட்டிக்கொள்வேன். யாருக்கும் நஷ்டமில்லை.

ரீடிங்: விரல் ஈரம். எடுக்கவில்லை.

மே 2

காலையில் பூஜை அலமாரியிலிருந்து அலறல். காமாட்சி விளக்குக்கும் விபூதி மடலுக்கும் நடுவில் ஒரு நத்தை. இரவு தொட்டியிலிருந்து ஏறிக் கூடம் முழுவதும் கோடு போட்டுக்கொண்டு போயிருக்கிறது. ஈரம் கிடைத்தால் தரையிலும் ஊரும், முட்டையைக்கூடக் கரையேறி வந்து ஈர மண்ணில்தான் இடும் என்று விளக்கினேன்.

"வீட்டை முதுகுல வச்சுக்கிட்டு ஊரைச் சுத்துது. நீங்க வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு ரூமை விட்டு வெளியில வர மாட்டேங்கறீங்க" என்றாள். அதற்கு ஊர்சுத்தி என்று பெயரும் வைத்தாள்.

ரூமை விட்டு வராததற்குக் காரணம் பாடக் குறிப்பு எழுதுவதுதான். அடுக்களை ஒன்றும் பக்கத்தில் இல்லையே.

மே 3

ஊர்சுத்தியை மறுபடி காணவில்லை. மீதி ஆறும் தொட்டியின் விளிம்பில். நசீமாவிடம் காலித் தொட்டியையா காட்டுவது? தொட்டியின் விளிம்புவரை தண்ணீர் விட்டு, ஜன்னல் வலைத் துண்டை வெட்டி, நீர்மட்டத்துக்குக் கீழே வரும்படி இறுக்கிக் கல் வைத்துவிட்டேன்.

தையல்நாயகி காபி கொண்டுவந்தவள் பார்த்தாள். "மேல காத்து வேணாமா அதுக்கு?"

"செவுள் இருக்கு. தண்ணியிலயே இருந்துக்கும். அதோட நான் குழா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"குழா?"

"குழாய்த் தண்ணிதான் விட்டிருக்கேன்னு சொல்ல வந்தேன்."

மே 6

குளித்தேன். இன்று வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

மே 9

மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் இருக்காது. மெஷின் ஓடாது. அவசரத்துக்கு வாங்கிய சிலிண்டரைக் கட்டில் பக்கத்தில் உருட்டிவைத்து, திருகிக் காட்டி, என்னைத் திருகச் சொல்லியும் பார்த்துவிட்டுத் தையல்நாயகி குத்தாலத்துக்கு வளைகாப்புக்குப் போயிருக்கிறாள். மத்தியானம் வந்துவிடுவாளாம்.

வீடு அமைதியாக இருக்கிறது. முழுப் பாடத்தையும் ஒருமுறை நின்றுகொண்டு, சத்தமாக, கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி சொல்லிப் பார்க்கப்போகிறேன்.

மே 10

தையல்நாயகி எழுதுகிறேன். டாக்டர் ரீடிங் நோட்டைக் கேட்டார். எடுத்து வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். நத்தையைப் பற்றி எல்லாம் இருக்கிறது.

நேற்றுப் பன்னிரண்டு மணிக்கு நான் வந்தபோது படிப்பறைத் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தார். உதடும் நகமும் நீலமாக இருந்தன. நத்தைக்குத்தான் ரத்தம் நீலம் என்று நினைத்திருந்தேன். சிலிண்டர் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. மெஷின் குழாயைத் தேடினேன். தொட்டியில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரீடிங் 68. இப்போது ஆக்ஸிஜனோடு 90. இவர் எழுந்ததும் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மே 13

வீட்டுக்கு வந்தாயிற்று. மூக்கில் குழாய். கழற்றவில்லை.

வாசலைத் திறந்ததுமே நாற்றம். ஆறு நத்தையும் வலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, பாதம் தொங்க, செத்துக் கிடந்தன. ஒன்றுகூட மூடியை அடைத்துக்கொள்ளவில்லை. ஒன்றின் குழல் வலைக் கண்ணுக்குள் நுழைந்து, மேலே போக முடியாமல் மடங்கி நின்றிருந்தது. கரண்ட் போனதும் குமிழ் நின்றிருக்கிறது. இந்த வெயிலில், அழுகின கீரையோடு, அந்தத் தண்ணீரில் செவுளுக்கு என்ன கிடைக்கும்? காற்றுக்காக மேலே வந்திருக்கின்றன. வழியை அடைத்தவன் நான். பைலாவை மேலே வர விடாமல் தடுத்தால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போட்டவனும் நானேதான்.

அழுகை வந்துவிட்டது. அழுதால் இன்னும் மூச்சு வாங்குகிறது. அதனால் அதையும் அரைகுறையாக நிறுத்த வேண்டியதாயிற்று.

தையல்நாயகி ஆறையும் வாளியில் எடுத்துப்போய்க் கொல்லையில் வாழை மரத்தடியில் புதைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கதவைத் தொறக்கறப்பல்லாம் மெஷின் சத்தம் கேக்குதான்னு காதக் குடுத்துக்கிட்டே இருந்தேன். கேட்டா நிம்மதியா சமைப்பேன். ரெண்டு வாரமா நான் அந்தத் தொட்டிக்குத்தான் நிம்மதியா சமைச்சிருக்கேன்."

குழாயைக் காதுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இறுக்கி மாட்டிக்கொண்டேன்.

மே 21

குழாய், பத்தியச் சாப்பாடு, தூக்கம். ஆஸ்பத்திரியில் ரீடிங் எடுத்து எழுதிவந்த தையல்நாயகி அதை நிறுத்திவிட்டாள். "உங்க மூச்சு, உங்க நோட்டு" என்று சொல்லிவிட்டாள். நானும் ரீடிங் எழுதவில்லை.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வீட்டில் குழாயோடு இருப்பேன். மேடைக்கு மட்டும் போகப்போவதில்லை. நசீமாவிடம் உடம்பு சரியானதும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம்.

ஜூன் 5

தையல்நாயகி கொல்லையில் அம்மியை நகர்த்திப் பெருக்கியபோது, சந்தில் உருண்டையாக ஒன்று. கல் என்று எறியப் போனவள் திருப்பிப் பார்த்து என்னிடம் கொண்டுவந்தாள். ஊர்சுத்தி!

மூடியை உள்ளே இழுத்து, ஓட்டின் வாயை ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து இப்படித்தான் கிடக்கும். சாப்பாடு இல்லை, நடமாட்டம் இல்லை. உள்ளே மிச்சம் வைத்திருக்கிற ஈரத்தையும் காற்றையும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிவிடும். கையில் வைத்துப் பார்த்தேன், கனமாக இருந்தது. செத்திருந்தால் லேசாக இருக்கும். எனக்கு வந்த சந்தோஷத்தில் குழாயோடு எழுந்து மெஷினையே இழுத்துவிட்டேன்.

"இது கெட்டிக்காரி" என்றேன். "நேரம் சரியில்லைன்னா கதவைச் சாத்திக்கிட்டு இருந்துருது. நானும் அப்படித்தான் இருக்கலாம்னு பாக்கறேன். காலேஜ் கீலேஜ் எல்லாம் அப்புறம்."

தையல்நாயகி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"அதுக்கு மேட்டூர் தொறந்தா தண்ணி வரும். கதவைத் தொறந்துக்கும். உங்களுக்கு எந்த ஆத்துல வரும்?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுக்களையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வெங்காயம் நறுக்கவில்லை, நான் போய்ப் பார்த்தேன். குழாய் எட்டுகிற தூரம் அடுக்களை வாசல்வரைதான். அங்கேயே நின்றேன்.

"அந்தச் சிலிண்டரத் தூக்கிக்கிட்டு யாரு வருவா?" என்று கேட்டேன்.

"நாந்தான் வருவேன். வேற யாரு வருவா?"

நசீமாவுக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்று சொன்னேன். மூக்கில் குழாய் இருக்கும் என்றும் சொன்னேன். "எனக்கு உங்க பாடந்தான் சார் வேணும்" என்றாள்.

ஜூன் 24

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதாகப் பால்காரர் சொன்னார். ஊர்சுத்தியை ஈரத் துணியில் வைத்திருக்கிறேன். இன்னும் கதவு திறக்கவில்லை. அவசரப்படுத்தவில்லை. வகுப்பன்று பிள்ளைகள் கண்முன்னால் தண்ணீரில் இறக்கினால் திறக்கும். அதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஜூலை 3

போய்வந்தேன். விவரமாக எழுத வேண்டும். கை வலிக்கிறவரை எழுதுகிறேன்.

சின்னச் சிலிண்டரை ஜவுளிக்கடைப் பையில் போட்டுத் தையல்நாயகி தோளில் மாட்டிக்கொண்டாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். குழாய் நீளம் இரண்டு எட்டுக்குமேல் போகாது. ஆட்டோவிலிருந்து மேடைவரை நாங்கள் சேர்ந்தேதான் நடக்க முடிந்தது. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு நெருக்கமாக நடந்ததில்லை, அன்று எனக்கு ரொம்பக் கூச்சம்.

மேடையில் ஏறியதும் எல்லார் கண்ணும் என் மூக்கில். வாசலைப் பார்த்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று நிஜமாகவே தோன்றியது. தையல்நாயகி பையைத் தோள் மாற்றிக்கொண்டு, கணக்கு டீச்சர் பார்வையில் அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். முதல் வரிசை தலையைக் குனிந்துகொண்டது.

மைக்கில்தான் பேசினேன். பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. போர்டுக்குப் போனால் தையல்நாயகியும் போர்டுக்கு வருவாள். மேஜைக்கு வந்தால் மேஜைக்கு வருவாள். ஊர்சுத்தியைக் கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு வைத்தேன். பாதம், பல்நாடா, முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மூச்சுக்கு வந்தேன். அந்த நத்தை அசையவே இல்லை. அறுபது பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள், அது கல்லாட்டம் கிடக்கிறது. மானம் போயிற்று.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். "சார், அதுக்குத்தான் செவுள் இருக்கே, அப்புறம் எதுக்கு சார் டியூப் நீட்டி மேல வருது?"

நான் தட்டைப் பார்த்தேன். காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"இங்க பாரும்மா" என்றேன். மூக்கிலிருந்த குழாயைக் கழற்றாமல், விரலால் தொட்டுக் காட்டினேன். "எனக்கும் உள்ளே நுரையீரல் இருக்கு. அது போதும்னு நினைச்சு இதத் தூக்கித் தொட்டியில போட்டேன். அதே தொட்டியில ஆறு நத்தை மேல வர வழியில்லாம வலையப் போட்டு அடைச்சேன். ஆறும் செத்துப்போச்சு. நான் சாகல, இவங்க வந்துட்டாங்க. தண்ணி கெட்டுப்போச்சுன்னா செவுள் போதாது. அதுக்கு அது தெரியும், அதனால மேல வருது. எனக்குத் தெரியறதுக்கு இவ்வளவு நாளாச்சு."

அந்தப் பெண் நோட்டில் ஏதோ எழுதினாள். பிறகு இன்னொரு பையன் எழுந்து, "சார், அந்த டியூப் எவ்வளவு நீளம் சார் போகும்?" என்றான்.

"நத்தையோடதா, என்னோடதா?"

அறை முழுக்கச் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன், தையல்நாயகியும். அதன்பிறகு பாடம் தானாக ஓடியது. முக்கால் மணி நேரம் பேச நினைத்தவன் ஒன்றே கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். "சிலிண்டர் தீருது" என்று தையல்நாயகி காதில் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

திரும்பும்போது ஆட்டோவில், ஒன்று தீர்ந்தால் மாட்டுவதற்குக் கொண்டுபோயிருந்த மாற்று சிலிண்டர் என் மடியில், தட்டிலிருந்து ஊர்சுத்தியைத் தண்ணீரோடு மாற்றிய வாளி அவள் மடியில். மணிக்கூண்டு தாண்டியதும் "என்னங்க, இங்க பாருங்க" என்று என் கையை அழுத்தினாள். மூடி திறந்திருந்தது. பாதம் வெளியே வந்து, வாளியின் ஓரமாக ஏறி, இடப்பக்கத்துக் குழலை நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதைச் செய்திருக்கக் கூடாதா? அதன் தலை முன்னும் பின்னும் அசைவதை வீடு வரும்வரை இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தோம்.

நாளைக்குக் காவிரிக்கரைக்குப் போய் அதை விட்டுவர வேண்டும். படித்துறையில் படி அதிகம். மெதுவாக இறங்கிக்கொள்ளலாம்.

ரீடிங்: குழாய் இல்லாமல் 83. குழாயோடு 92. தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.